வித்தியாசத்துக்கு மட்டும்

காலை ஐந்தேகால். கொடிமலை அடிவாரம்.
ஆயர் ஈத்தாமில் ஒரு கோப்பிக் கடைகூடத் திறக்கவில்லை.
கைவிளக்கோடு ஏறுகிறேன்
தண்டவாளத்தை ஒட்டிய படிகளில்,
பயணிகள் கண்ணில் படாத படிகள்.
பின்னால் மூச்சு வாங்கியபடி
தணிக்கைக்கு வந்த புனிதமலர்.
அவள் கையில் ஒரு படிவம்,
படிவத்தில் ஒரு கட்டம்:
மதிப்பு, ரிங்கிட்டில்.

மோட்டாருக்கு எழுதிவிட்டாள். கம்பிவடத்துக்கும்.
'இது என்ன?' என்று அவள் விளக்கடித்த இடத்தில்
ஒன்றுமில்லை.
ஒற்றைத் தடம் இரண்டாக விலகி
கொஞ்ச தூரம் தனித்தனியே போய்
மறுபடி ஒன்றாகும் இடம்.
பிரிகிற முனையில் நகரும் நாக்கு இல்லை,
நெம்புகோல் இல்லை, விசை இல்லை.

'எந்தப் பெட்டி எந்தப் பக்கம் என்று
எதற்குத் தெரியும்?'

எதற்கும் தெரிய வேண்டாம், என்றேன்.
ஒரு பெட்டியின் இடப்பக்கச் சக்கரங்கள்
தண்டவாளத்தை இருபுறமும் கவ்வும்,
மற்றதற்கு வலப்பக்கம்.
எதிர்ப்பக்கத்தில் இருப்பவை வெறும் உருளைகள்,
விளிம்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை.
சக்கரம் வார்த்த அன்றே
முடிவெடுத்தாயிற்று.
அன்றிலிருந்து தினமும்
யாரும் முடிவெடுக்காமல் இருப்பதுதான் இங்கே வேலை.

அவள் பேனா அசையவில்லை.
'இல்லாத பொருளுக்கு நான் எப்படி விலை போட?'

ஏறினோம்.
இறங்கும் பெட்டிதான் ஏறும் பெட்டியை இழுக்கிறது,
மோட்டார் கூலி கொடுப்பது
வித்தியாசத்துக்கு மட்டும்.
ஏறுவோர் முப்பது, இறங்குவோர் எட்டு என்றால்
இருபத்திரண்டு பேரின் கனம்,
உராய்வுக்குக் கொஞ்சம் கூட.
உராய்வு எந்தக் கூட்டிலும் உண்டு.
ஏற்றத்தாழ்வு என்ற சொல்லை
இங்கே நாங்கள் கூச்சமில்லாமல் சொல்வோம்,
எங்களுக்கு அது ஓர் எண்.

அழகாக இருக்கிறது இல்லையா, என்று கேட்டிருக்கக் கூடாது.

'தூக்குமேடைக் கதவும் இப்படித்தான்' என்றாள்.
'ஒரு கீல், ஒரு தாழ்.
பழுதே வராது.
அதையும் அழகு என்பீர்களா?'

அடுத்த இருநூறு படிக்கு என்னிடம் பதில் இல்லை.
தொடை வலித்தது.
போன ஆண்டு ஒருநாள் நினைவுக்கு வந்தது:
கீழ்நிலையத்தில் ஒரு பையன்
நண்பனுக்காகக் கதவில் காலை வைத்து நின்றான்.
மேல்நிலையத்தில்
இரவு வேலை முடித்த பெண்ணொருத்தி
தன் பெட்டி ஏன் புறப்படவில்லை என்று தெரியாமல்
பேருந்தைத் தவறவிட்டாள்.
ஒரே வடத்தில் கட்டிய பிறகு
ஒருவர் கால் இன்னொருவர் கடிகாரம்.
பதிவேட்டில் நான் எழுதியது:
தாமதம் நான்கு நிமிடம். காரணம் கால்.
அன்றும் எந்திரம் அழகாகத்தான் இருந்தது.

தூறல் பிடித்தது.
அப்போதுதான் கேட்டேன்,
அந்தப் பிரியும் முனையில் நெம்புகோல் இருந்திருந்தால்
இந்நேரம் அங்கே யார் நின்றிருப்பார்?

அவள் திரும்பிப் பார்த்தாள்.
ஈரப் புதர், இருட்டு, அட்டைப்பூச்சி,
ஒரு பெட்டிக்கு இடம், ஒரு பெட்டிக்கு வலம் என்று
தன் தூக்கத்தோடு மல்லுக்கட்டும் ஒருவன்.
அவன் இல்லை.
எங்கோ கூரைக்கடியில் புரண்டு படுக்கிறான்,
தனக்காக ஒருவர் என்றோ யோசித்தது தெரியாமல்.
தூக்குமேடைக் கதவு
யாருடைய தூக்கத்தைக் காப்பாற்றுகிறது?

'அவனுக்குச் சம்பளமும் இல்லையே' என்றாள்.

அதுவும் சரி.

முதல் வண்டிகள் புறப்பட்ட அதிர்வு
வடத்தில் முன்னால் வந்தது, சத்தம் பிறகு.
இறங்கும் பெட்டியில் பெங் ஹுவாட்,
மடியில் காலி கிரீஸ் டின்.
ஏறும் பெட்டியில் கீரைக்காரி, மூட்டை, மூன்று மாணவர்கள்.
பிரிந்தன, உரசாமல் கடந்தன,
மூன்று நொடி ஜன்னலுக்கு ஜன்னல் வெளிச்சம்.
யாரும் எதையும் கவனிக்கவில்லை.
கீரைக்காரி கொட்டாவி விட்டாள்.

புனிதமலர் படிவத்தை மழைக்கு மறைத்து
ஏதோ எழுதினாள், அடித்தாள்.
கட்டம் காலியாகவே இருந்தது என்றுதான் நினைக்கிறேன்,
எட்டிப் பார்க்கவில்லை.
'பசியாறிட்டீங்களா?' என்றாள்.
இறங்கத் தொடங்கினோம்,
எங்களுக்கு எதிர்எடையாக
மேலே போக யாருமில்லாமல்,
முழுக் கனத்தையும் முழங்காலில் வாங்கி.